படகு ஏன் கனத்தது?

“எஞ்சினில் வலு இல்லை. இருபத்தைந்து குதிரைத்திறனில் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்” என்றார் அத்தான்.

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள அக்காள் வீட்டிற்குப் போயிருந்தேன். விண்வெளி ஏவூர்திகளுக்குப் பேர்போன ஊர் அது. ஆனால் அத்தான் வீட்டு முற்றத்தில் என்னை வரவேற்றது ஏவூர்தியன்று. டிரெய்லர் வண்டியின்மேல் ஏறி நின்ற ஒரு பழைய அலுமினியப் படகு. நீளம் 14 அடி. 1986இல் செய்யப்பட்டது. மலிவாகக் கிடைத்ததென்று, 15 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றோடு சேர்த்து வாங்கியிருந்தார். அந்த ஊரில் பாதிப்பேருக்குப் பைத்தியம் ‘பாஸ்’ என்னும் மீன் பிடிப்பது. அந்தப் பைத்தியம் அத்தானுக்கும் பிடித்துவிட்டது. பன்னிரண்டு வயது மகனுக்கு அவரைவிட அதிகமாகவே பிடித்துவிட்டது.

வாங்கிய கையோடு ஒரு முறை ஏரியில் இறக்கிப் பார்த்தார்களாம். எஞ்சினை முழுவதும் திருகியும் படகு அணியத்தை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு, அமரத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு ஊர்ந்ததே தவிர, ஓடவில்லை. இத்தகைய தட்டையான அடிப்படகுகள் மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும். வேகம் ஓரளவு கூடியதும், அடிப்பகுதியில் மோதும் நீர் படகை மேலே தள்ளும். படகு நீரின்மேல் ஏறி வழுக்கி ஓடத் தொடங்கும். எடை மிகுந்திருந்தால் அந்த ஏற்றம் நிகழாது. ஆகவே அத்தான் பெரிய எஞ்சின் தேடினார். நானோ இயற்பியல் ஆசிரியன். விசை குறைவா, எடை மிகுதியா என்று பார்க்காமல் எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, படகின் உட்புறத்தில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. அந்நாட்டில் 1970களிலிருந்து, 20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை ஏற்றலாம், எவ்வளவு திறனுள்ள எஞ்சின் மாட்டலாம் என்று எழுதி ஒட்டுவது சட்டம். எங்கள் தகடு சொன்னது 20 குதிரைத்திறன். இருபத்தைந்துக்கு அங்கே இடமில்லை.

இரண்டு தராசுகள்

படகை எப்படி எடை போடுவது? வீட்டில் ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி வந்தோம். எஞ்சின், பாட்டரி, பெட்ரோல் தொட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அணியத்திற்கு அடியில் ஒரு மரக்கட்டையும் தராசும், அமரத்திற்கு அடியில் ஒரு கட்டையும் தராசுமாக வைத்தோம். முன் தராசு 52 கிலோ காட்டியது. பின் தராசு 96. ஆக மொத்தம் 148 கிலோ.

அந்த வகைப் படகின் எடை சுமார் 90 கிலோ என்று பழைய விளம்பர ஏடு சொன்னது. மிச்சம் 58 கிலோ எங்கிருந்து வந்தது? படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துடைத்து உலர்த்தியிருந்தோம்.

இரண்டு தராசில் நிறுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. இரு கட்டைகளுக்கும் இடையே 4 மீட்டர். திருப்புத்திறன் விதிப்படி, புவியீர்ப்பு மையம் அமரத்திலிருந்து 52 × 4 ÷ 148, அதாவது சுமார் 1.4 மீட்டரில் இருந்தது. வெறும் படகுக்கு அது ஏறக்குறைய நடுவில் இருக்கவேண்டும். ஆகவே திருட்டு எடை பின்பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. பின்பகுதியில் என்ன இருக்கிறது? உட்காரும் இருக்கை, இருக்கைக்கு உள்ளே, தகட்டால் மூடப்பட்ட நுரை.

அலுமினியத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல் 2.7 மடங்கு. அலுமினியப் படகு மிதப்பது அது ஒரு கிண்ணமாக இருப்பதால்தான். கிண்ணத்தில் நீர் நிறைந்தால் அது வெறும் உலோகத் துண்டு, அடிக்குப் போய்விடும். நம் ஊர்க் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் நீர் நிறைய இடமே கிடையாது, மரமே மிதப்பு. அலுமினியப் படகில் அந்த மரத்தின் வேலையைச் செய்வதற்காகத்தான் இருக்கைகளுக்குள் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி நிரப்புகிறார்கள். அது லட்சக்கணக்கான சிறு காற்றறைகளால் ஆனது. ஒரு கன மீட்டர் நுரை 32 கிலோதான் இருக்கும். அறைகளின் சுவர்கள் மூடியிருப்பதால் நீர் புகாது என்பது ஏற்பாடு. ஆனால் சுவர்கள் மிக மெல்லியவை. ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்து, அதிர்ந்து, குளிர்கால இரவுகளில் உறைந்து உருகி, அறைகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. எங்கள் படகுக்கு வயது முப்பத்தேழு.

இருக்கையின் மேல்தகட்டை நீக்கி, பழைய ரம்பத்தால் நுரையை அறுத்து எடுத்தோம். அழுத்தினால் தண்ணீர் வழிந்தது. எல்லாவற்றையும் சாக்குகளில் அள்ளி நிறுத்தபோது 61 கிலோ. உலர்ந்திருந்தால் 5 கிலோ இருக்கவேண்டியது. ஆக, 56 கிலோ தண்ணீர். மீதி 2 கிலோ எங்கே என்று மருமகன் விடாமல் கேட்டான். அதற்கு விடை பிறகு கிடைத்தது.

ஒன்றரைச் சென்டிமீட்டர்

இங்கே வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தப் படகு நீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். அது 1 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் 40 லிட்டர் நீரை விலக்கும். அதாவது 40 கிலோ தாங்கும். அப்படியானால் 58 கிலோ கூடுதல் எடை படகை எவ்வளவு அமிழ்த்தும்? ஒன்றரைச் சென்டிமீட்டருக்கும் குறைவு. யார் கண்ணுக்குத் தெரியும்? படகை வாங்கும்போது கரையில் நின்று பார்த்த அத்தானுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அதே படகில் நீர் நிறைந்துவிட்டது என்று வையுங்கள். ஓர் அலை பின்பக்கமாக ஏறினாலே போதும். சிறு படகுகளில் அது நடக்கக்கூடியதே. இப்போது கிண்ணத்தின் மிதப்பு போய்விட்டது. தாங்க வேண்டியது நுரை மட்டுமே. தாங்க வேண்டிய எடை எவ்வளவு? நீருக்குள் மூழ்கிய பொருள் தன் கன அளவுள்ள நீரின் எடையை இழக்கும் என்பதை நாம் அறிவோம். படகிலுள்ள 80 கிலோ அலுமினியம் நீருக்குள் சுமார் 50 கிலோவாகும். எஞ்சின் நீருக்குள் ஏறக்குறைய 30 கிலோ. 24 கிலோ பாட்டரியின் கன அளவு 10 லிட்டர். ஆகவே அது 14 கிலோ. மொத்தம் 94 கிலோ. மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், அதை விட்டுவிடலாம்.

படகில் இருந்த நுரையின் கன அளவு சுமார் 150 லிட்டர். உலர்ந்த நிலையில் அது தன் எடை போக 145 கிலோவைத் தாங்கும். 94 போக மிச்சம் 51 கிலோ, படகைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு. தண்ணீரில் பாதி உடல் மூழ்கியிருப்பவருக்குச் சிறிது உதவியே போதுமாதலால் இது பரவாயில்லை. ஆனால் எங்கள் நுரைக்குள் ஐம்பத்தெட்டுக் கிலோ தண்ணீர் என்று கொண்டால், தாங்கும் வலு 145 − 58 = 87 கிலோ. தேவை 94. நீர் நிறைந்த மறுகணம் படகு, ஆட்கள் யாரும் தொடாமலே, அமரம் முதலாக ஏரியின் அடிக்குப் போயிருக்கும். மார்ச் மாதத்தில் அத்தான் அந்தப் படகில் மகனை உட்கார வைத்து ஏரியின் நடுவரை போய்வந்திருக்கிறார்.

இந்தக் கணக்கைச் சமையலறை மேசைமேல் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. அக்காள்தான் அந்தத் தாளை எடுத்து மடித்து, குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பெரிய எஞ்சின் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

பின்பலகையும் என் தவறும்

மீதி 2 கிலோவின் விடை பின்பலகையில் இருந்தது. எஞ்சின் தொங்குவது அமரத்தின் பின்சுவரில். மெல்லிய அலுமினியத் தகட்டால் அதைத் தாங்க முடியாது. ஆகவே தகட்டோடு ஒரு கனமான பிளைவுட் பலகையைச் சேர்த்து முடுக்கியிருப்பார்கள். ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினேன். பழைய ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கிற்று. பலகை உளுத்து, ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தது.

அந்தப் பலகைமேல் விழும் விசையைப் பாருங்கள். எஞ்சின் முழு வேகத்தில் படகைத் தள்ளும்போது சுழல்விசிறியின் தள்ளுவிசை சுமார் 660 நியூட்டன் என்று கொள்ளலாம். ஆனால் விசிறி இருப்பது பிடிப்புத் திருகுகளுக்கு அரை மீட்டர் கீழே. எஞ்சினின் தாங்கி பலகையின் அடிப்பகுதியில், திருகுகளுக்குக் கால் மீட்டர் கீழே பதிகிறது. திருப்புத்திறன்களைச் சமன்செய்து பார்த்தால், பலகையின் கீழ்ப்பகுதியை எஞ்சின் 1,320 நியூட்டன் விசையோடு முன்னே தள்ளுகிறது. மேல்பகுதியை 660 நியூட்டன் விசையோடு பின்னே இழுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் படகை ஓட்டும் 660 நியூட்டன். படகு முன்னே போவதற்கு மட்டுமல்ல, பலகை முறிவதற்கும் எஞ்சின் ஓயாமல் பாடுபடுகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை.

புதுப் பலகை வாங்கக் கடைக்குப் போனோம். ‘ஈரத்திற்கும் பூச்சிக்கும் அசையாது’ என்று மருந்தேற்றிய பிளைவுட் இருந்தது. இதுவே ஏற்றது என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து அறுக்கும் நேரத்தில், தராசு கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “அந்தப் பச்சை மரத்தையா அலுமினியத்தோடு சேர்க்கப் போகிறீர்கள்? மூன்று வருஷத்தில் தகடு சல்லடையாகிவிடுமே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மருந்து செம்புச் சேர்மம். ஈரம் பட்டதும் செம்பு அயனிகள் கசியும், அலுமினியத்தின்மேல் படியும். செம்பும் அலுமினியமும் நடுவே உப்புக் கரைசலும் இருந்தால் அது என்ன? கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் மின்கலம்! அதில் கரைந்து போவது அலுமினியம். பாடமாக நடத்தத் தெரிந்தது, கடையில் பலகை முன் நிற்கும்போது தோன்றவில்லை. பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்தேற்றாத நல்ல பிளைவுட் வாங்கி, விளிம்பெல்லாம் ஊற ஊற மூன்று முறை எப்பாக்சிப் பிசின் பூசினோம். எஃகுப் போல்ட்டுகள் போகும் துளைகளிலும் பிசினை நிரப்பி, ஆறியபின் மறுபடி துளையிட்டு, அடைப்புப் பசை தடவி முடுக்கினோம். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும்கூட நல்ல நண்பர்கள் அல்ல. பசைதான் நடுவே மின்காப்பு.

ஒழுகும் ரிவெட் ஆணிகளைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. படகை வெளியிலிருந்து பார்க்காமல், உள்ளே நீர் ஊற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கவேண்டும். சொட்டுகிற ஆணிக்குக் கரியால் குறி. நான்கைந்து செ.மீ. ஆழத்திற்கு மேல் ஊற்றக்கூடாது. அதற்கே நூற்றுக்கணக்கான கிலோ ஆகிவிடும், டிரெய்லரின் அச்சு முனகும். பதினேழு ஆணிகள் சொட்டின. வெளித்தலையில் கனத்த இரும்புக்கட்டை ஒன்றை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து இன்னொருவர் சுத்தியால் தட்டினால் தளர்ந்த ஆணி இறுகும். மூன்று ஆணிகள் இறுகவில்லை. அவற்றைத் துளைத்தெடுத்துப் புதிது போட்டோம்.

நுரையை எங்கே வைப்பது

ஊற்றும் நுரைக்குப் பதிலாக, கட்டிட வேலைக்கு விற்கும் அழுத்தமான பாலிஸ்டைரீன் பலகைகளை வெட்டி அடுக்கினோம். பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். ஆதலால் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பெட்ரோல் தொட்டிக்குத் தள்ளியே வைத்தோம். அடியில் நீர் வடிய வழியும் விட்டோம். மொத்தம் 180 லிட்டர். 

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். முழுவதும் நீரில் மூழ்கிய ஒன்று நிலையாக இருக்க, மிதப்பு மையம் புவியீர்ப்பு மையத்திற்கு மேலே இருக்கவேண்டும். நுரையை எல்லாம் தரைக்கடியில் திணித்தால், நீர் நிறைந்த படகு ஆடி, அப்படியே குப்புறக் கவிழும். நுரை மேலே வர ஆசைப்படும் அல்லவா? ஆகவே ஒரு பகுதியை இருபக்கச் சுவர்களின் மேல்விளிம்பை ஒட்டி வைத்தோம். எஞ்சினும் பாட்டரியும் பின்னே இருப்பதால் பின்பக்கம் கூடுதலாக வைத்தோம்.

பிறகு சோதனை. ஏரியோரம், மார்பளவு ஆழம். எஞ்சினை நனைக்க முடியாது. அதன் இடத்தில் மணல் மூட்டை. ஆனால் மணலும் நீருக்குள் எடை இழக்கும். மணல்துகளின் அடர்த்தி 2.65, ஆகவே நீருக்குள் 30 கிலோ வேண்டுமானால் உலர்மணல் 48 கிலோ கட்டவேண்டும். பாட்டரிக்கு 22 கிலோ. இதைக் கணக்கிட்டவன் மருமகன்; நான் சரிபார்த்தேன், அவ்வளவுதான். வாளியால் மொண்டு மொண்டு படகை நிரப்பினோம். விளிம்பு நீர்மட்டத்திற்கு வந்தது. நீர் உள்ளும் புறமும் ஒன்றாயிற்று. படகு நின்றது. அத்தானும் மகனும் மிதவைச் சட்டை அணிந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள், இடுப்பளவு தண்ணீரில், குளியல் தொட்டியில் உட்கார்ந்ததுபோல. அப்போதும் நின்றது, ஒரு பக்கமாய்ச் சாயவும் இல்லை. கரையில் நின்ற அக்காள் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தாள்.

பாஸ் என்னும் மீன்

இனி மீனுக்கு வருவோம். இங்கே பேசப்படும் பாஸ் நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா அன்று. கொடுவாயையும் ஆங்கிலத்தில் பாஸ் என்றே சொல்வதால் குழப்பம் உண்டு. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெருவாய்ப் பாஸ் என்று சொல்லலாம். வாயை மூடியிருக்கும்போது அதன் தாடை கண்ணுக்குப் பின்னாலும் நீண்டிருக்கும். திடீரென்று வாயைத் திறந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, இரையும் நீரும் சேர்ந்து உறிஞ்சப்படும். கடிப்பதைவிட உறிஞ்சுவதே அதன் வேட்டை.

இம்மீனைப் பிடிப்பது அங்கே ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்டு என்பவர் 1948இல் இதற்கென்றே ஒரு படகைச் செய்தார். அலபாமாவின் மாண்ட்கோமரியைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ரே ஸ்காட் 1967இல் ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் பெரிய போட்டி ஒன்றை நடத்தினார். 1972இலிருந்து, அவருடைய போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கம் வந்தது. எடைக் கணக்கில் உலகச் சாதனை வேடிக்கையானது. 1932 ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார், ஏறக்குறைய 10.1 கிலோ. அதை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன் அதைவிட ஒரு அவுன்சுக்குச் சற்றே குறைவாக அதிகமிருந்தது. சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சாவது கூடவேண்டும் என்பது விதி. ஆகவே இன்றும் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

ஜப்பானுக்கு அமெரிக்க மீன் எப்படிப் போயிற்று? 1925இல் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து பரவி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்த்ததால், 2005 முதல் அதை வளர்ப்பதையும் கொண்டுசெல்வதையும் சட்டத்தால் தடுத்திருக்கிறார்கள். நாங்கள் மீன்பிடித்த கன்டர்ஸ்வில் ஏரியில் இதற்கு எதிர்மாறான வருகை ஒன்று உண்டு. டென்னசி ஆற்றில் 1939இல் கட்டி முடித்த அணையால் உண்டான நீர்த்தேக்கம் அது. பரப்பு 27,000 ஹெக்டேருக்கு மேல். அதில் படர்ந்திருக்கும் பாசியை அள்ளிப் பார்த்தேன். ஹைட்ரில்லா! ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவதைக் காட்ட, புனலுக்கடியில் வைத்துக் குமிழ்களை எண்ணுவோமே, அதே செடி. 1950களில் மீன்தொட்டி அலங்காரத்திற்காக ஃபுளோரிடாவுக்குள் வந்து தப்பி ஓடியது. ஏரிக்காரர்களுக்கு அது களை; பாஸ் மீனுக்கு ஒளிந்திருந்து பாயும் புதர்.

நீருக்குள்ளிருந்து பார்த்தால்

மீன்பிடிக்கப் புகுந்த முதல் வாரம் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படகில் எழுந்து நின்று, ஆழமற்ற இடங்களைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தோம். மீன் எங்களை எப்படிப் பார்க்கிறது என்று எண்ணவில்லை. நீருக்கும் காற்றுக்கும் மாறுநிலைக் கோணம் சுமார் 48½ டிகிரி. ஆகவே மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 டிகிரிக் கூம்புக்குள் சுருங்கி, ஒரு வட்டச் சாளரமாகத் தெரியும். அந்த வட்டத்திற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அடியைத்தான் எதிரொளிக்கும். 2 மீட்டர் ஆழத்து மீனுக்குச் சாளரத்தின் விட்டம் நாலரை மீட்டர். அடிவானத்தில் உள்ளவை அதன் விளிம்பில் நசுங்கித் தெரியும். தாழ்ந்து உட்கார்ந்திருப்பவன் அந்த நசுங்கலில் மறைந்துபோவான். எழுந்து நிற்பவன் சாளரத்தின் உட்பக்கமாக வளர்ந்து தெரிவான். அன்றுமுதல் உட்கார்ந்தே வீசினோம்.

தூண்டில் நரம்பிலும் ஒளியியல் இருக்கிறது. நைலான் நரம்பின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.53. ஃபுளோரோகார்பன் நரம்புக்கு 1.42. நீருக்கு 1.33. வேறுபாடு குறையக் குறைய நரம்பு நீரில் கரைந்ததுபோல் தோன்றும், முற்றிலும் மறையாது. விற்பனைக்காரர்கள் மறைந்தே போகும் என்பார்கள். போலி இரைகளின் வண்ணங்களிலும் இதே கதை. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை; சில மீட்டர் ஆழத்தில், கலங்கிய ஏரியில், கடையில் கண்ணைப் பறித்த சிவப்பு இரை வெறும் கறுப்பாகிவிடும். அத்தானின் பெட்டியில் நாற்பது வண்ணங்கள் இருந்தன. அவற்றில் பல மனிதரைப் பிடிப்பதற்காகச் செய்தவை என்பது என் கருத்து. கலங்கல் நீரில் பாஸ் கண்ணை மட்டும் நம்புவதில்லை. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, அருகே அசையும் பொருள் எழுப்பும் மெல்லிய நீரசைவை உணர்ந்துவிடும்.

படகில் ஒரு சிறிய எதிரொலிக் கருவியும் இருந்தது. வினாடிக்கு 2,00,000 அதிர்வுள்ள மீயொலியை அது கீழே அனுப்பும். நீரில் ஒலியின் வேகம் சுமார் 1,480 மீட்டராதலால் அலைநீளம் 7.4 மில்லிமீட்டர். 6 மீட்டர் ஆழத்து அடித்தரையின் எதிரொலி 8 மில்லிவினாடியில் திரும்பும். மீனின் சதை ஏறக்குறைய நீரைப் போன்றதே. ஒலி அதில் புகுந்து போய்விடும். எதிரொலியின் பெரும்பகுதி மீனுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. திரையில் நாம் மீன் என்று பார்ப்பது மீன் விழுங்காத ஒரு குமிழியை!

காற்றுப்பை

இந்தக் காற்றுப்பை மீனுக்கு, எங்கள் படகுக்கு நுரை எப்படியோ அப்படி. மீனின் சதையும் எலும்பும் நீரைவிடச் சற்று அடர்ந்தவை. நன்னீர் மீனில் உடலின் கன அளவில் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக் காற்றுப்பை இருந்தால், மூழ்காமலும் எழும்பாமலும் நிற்க முடியும். ஆனால் நுரைப் பலகையின் கன அளவு மாறாது. பையின் கன அளவு மாறும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு வளிமண்டலம். அங்கே சமநிலையில் இருக்கும் ஒரு கிலோ மீனின் பையில் 70 மில்லிலிட்டர் வளி இருக்கிறது என்று கொள்வோம். தூண்டிலில் மாட்டி ஒரே நிமிடத்தில் மேலே இழுத்தால், பாயில் விதிப்படி அது 140 மில்லிலிட்டராக விரியும். நம் கெண்டைக்குப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. ஏப்பம் விடுவதுபோல் வளியை வெளியேற்றிவிடும். பாஸுக்குக் குழாய் கிடையாது. வளியை இரத்தத்தின் வழியாகத்தான் மெல்ல மெல்ல எடுக்கவேண்டும்; மணிக்கணக்காகும். அதுவரை வயிறு மேலாக மிதக்கும். வெயிலும் பறவையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆழத்தில் பிடித்ததை ‘விட்டுவிட்டோம்’ என்று சொல்வது பலநேரம் பெயரளவுக்குத்தான். அனுபவமுள்ளவர்கள் பாரம் கட்டிய கொக்கியால் மீனைப் பழைய ஆழத்திற்கே இறக்கிவிடுகிறார்கள். சிலர் ஊசியால் வளியை எடுக்கிறார்கள். ஊசி தப்பினால் உள்ளுறுப்பு கிழியும்.

நல்லவேளையாக மே மாதத்தில் பாஸ் ஆழத்தில் இல்லை. நீர் 16, 17 டிகிரி செல்சியசைத் தாண்டும் இளவேனிலில் அது கரையோர ஆழமற்ற இடத்துக்கு வந்து முட்டையிடும். ஆண்மீன் வாலால் தரையைத் துடைத்துக் குழி செய்து, முட்டைகளைக் காத்து நிற்கும்; அருகில் வரும் எதையும் பாய்ந்து விரட்டும். அந்நேரத்தில் போலி இரையைக் காட்டினால் பசியில்லாமலே கவ்விக்கொள்ளும். அதைத் தூக்கி வந்து படம் எடுத்து முடிப்பதற்குள் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். குழியில் நிற்கும் மீனுக்கு வீசுவதில்லை என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். அது அங்கே சட்டமன்று; எங்கள் விருப்பம்.

மே மாதக் கடைசி ஞாயிறு, விடியற்காலை. மூன்று பேரும் எஞ்சினும் பாட்டரியுமாக, அதே 15 குதிரைத்திறனில் படகு நீர்மேல் ஏறி வழுக்கி ஓடியது. ஹைட்ரில்லாப் படுகையின் ஓரத்தில், இரண்டரை மீட்டர் ஆழத்தில், மருமகன் வீசிய நெகிழிப் புழுவை ஏதோ இழுத்தது. “மாமா, பாசியில் மாட்டிக்கொண்டது” என்றான். பாசி பக்கவாட்டில் ஓடாது என்றேன். கோல் வில்லாய் வளைந்தது. ரீலின் உராய்வுத் தட்டுகள் கிர்ரென்று நழுவி நரம்பை விட்டன. அவை நழுவாமல் இறுக்கியிருந்தால் நரம்பு அறுந்திருக்கும். சிறிது நேரத்தில் மீன் படகோரம் வந்தது. கையை நனைத்துக்கொண்டு தூக்கினான். உலர்ந்த கை மீனின் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். நீளம் 41 செ.மீ. ஆழம் குறைவாதலால் பை விரியவில்லை. நீரில் வைத்துப் பிடியைத் தளர்த்தியதும் ஒரு வாலடி, காணோம்.

ஊர் திரும்புமுன் படகை மறுபடி இரண்டு தராசில் நிறுத்தினோம். புதுப் பலகையும் கூடுதல் நுரையும் சேர்த்து 95 கிலோ. ஆண்டுதோறும் வசந்தம் வந்ததும், ஏரியில் இறக்குவதற்கு முன் நிறுக்கவேண்டும் என்று மருமகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் மறக்கவில்லை. முதல் ஆண்டு தொலைபேசியில் வந்த எண், முன் தராசு 45, பின் தராசு 50½. “அரைக் கிலோ கூடியிருக்கிறது, மாமா. தராசா, தண்ணீரா?” என்று கேட்டிருந்தான். இரண்டு தராசுகளையும் இடம்மாற்றி வைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன்.